நடுக்கோட்டுக்கு அங்கிட்டு

அந்த பிளக்ஸப் பாத்தியளா அண்ணாச்சி? அங்கன, கோழிக்கடைக்கு மேல. அந்தச் சிரிப்பப் பாத்தியளா? பல்லு மொத்தமும் தெரியுது. ‘மாநில வாலிபால் அணியின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்கும் எங்கள் மண்ணின் மைந்தன் கிளாட்வின்’னு போட்டிருக்கான். மைந்தனாம். வேற எடமே கெடைக்காம இந்த ரயில்வே கேட்டு கிட்டயா கொண்டாந்து வைக்கணும்? ரயிலு வார வரைக்கும் நான் இந்த பஸ்ஸுக்குள்ள அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்.

இல்ல, வேண்டாம், ஜன்னல அடைக்காதீய. வேர்த்து ஊத்துது. அவனுக்காவ நான் என்னத்துக்கு வேர்க்கணும்?

தெரியுமாவா? நல்லாக் கேட்டிய போங்க. அவன்கூட ஒரே டீமுல ஆடுனவன் நான். ஒரே ரூமுல படுத்தவன். அவன் கொறட்ட எப்படி இருக்கும்னு அவன் பொண்டாட்டிக்கு முன்னாலயே எனக்குத் தெரியும். சேர்மத்துரைன்னு கேள்விப்பட்டிருப்பியளே? பொருநை டீம் சேர்மத்துரை. இல்லியா? டிவில பாத்திருப்பிய, மறந்திருக்கும். லீக்கு நடந்த வருசம் பஸ் ஸ்டாண்டு பூரா என் படம்தான் ஒட்டியிருந்தானுவ. இப்படி எம்பி, கைய ஓங்கி அடிக்கிற மாதிரி. கிளாட்வின் படம் எங்கயாவது இருந்துச்சா? எனக்குப் பின்னால, மங்கலா, ஒரு ஓரத்துல நிப்பான். அதான் அவன் எடம். இப்ப பாருங்க, தனியா நிக்கான். மாலையோட.

வாலிபால் பாக்கிற பழக்கம் உண்டுமா? பாக்காட்டியும் ஒண்ணுமில்ல, பெரிய வித்த கெடையாது. நம்ம பக்கம் வந்த பந்த மூணு தொடுறதுக்குள்ள அங்கிட்டு அனுப்பணும். முதல்ல ஒருத்தன் கீழருந்து எடுத்துக் குடுப்பான். ரெண்டாவது ஆளு நெட்டுப் பக்கத்துல நின்னு மேல தூக்கிப் போடுவான், அவன் பேரு லிஃப்டர். மூணாவது ஆளு எம்பி அடிப்பான். நான் அடிக்கிறவன். கிளாட்வின் தூக்கிப் போடுறவன். கல்யாணத்துல தாலிய எடுத்துக் குடுக்கிறவரு ஒருத்தரு இருப்பாருல்லா, அவரு மாதிரி. ஜனம் யாரப் பாக்கும், சொல்லுங்க? மாப்ளையத்தான பாக்கும்? எடுத்துக் குடுக்கிறவரு திடீர்னு, ‘இந்த மாப்ள சரியில்ல, நான் தாலிய வேற ஒருத்தன்கிட்ட குடுக்கேன்’னு சொன்னா ஊரு சும்மா இருக்குமா? அதத்தான் அவன் எனக்குச் செஞ்சான். லீக்கு ஃபைனல்ல. ஊரு சும்மாதான் இருந்துச்சு.

இருங்க, வரிசையாச் சொல்லுதேன்.

ஃபைனலுக்கு முந்துன நாளு செமிஃபைனல். சேலத்து டீம்கூட. அதுல பூபாலன்னு ஒரு நெட்ட, ஆத்தூர்ப் பக்கத்துக்காரன், அந்த வருசம்தான் புதுசா வந்திருந்தான். ப்ளாக் போடுறவன். நாம அடிக்கிற பந்த நெட்டுக்கு மேலயே ரெண்டு கையையும் குடுத்துத் தடுக்கணும், அதான் அவன் வேல. பொய் சொல்லக் கூடாது, எம்புவான். எம்புனா எறங்க மனசில்லாம அங்கனயே கொஞ்ச நேரம் நிப்பான். அன்னைக்கு என் அடியத் திருப்பி என் காலடிலயே போட்டான். ஒரு தடவன்னா போவட்டும். திரும்பத் திரும்ப. அதுல ஒரு தடவ சிரிச்சான். அவன் கூட்டாளியப் பாத்துத்தான் சிரிச்சான்னு பொறவு எல்லாரும் சொன்னானுவ. என் கண்ணு முன்னால சிரிச்சா என்னயப் பாத்துச் சிரிச்சதுதான். அப்படித்தான நாம எடுக்கணும்?

நெட்டு வழியாப் பேசுறதெல்லாம் ஆட்டத்துல உண்டு. எல்லாவனும் பேசுவான். நான் கொஞ்சம் நல்லாப் பேசுவேன், அவ்வளவுதான். அவன் ஆத்தாளப் பத்தி ஒரு வார்த்த சொன்னேன். என்ன வார்த்தன்னு கேக்காதீய, முன்னால பொம்பளையாளு உக்காந்திருக்கு. அவன் அம்மா அன்னைக்கு கேலரில முன் வரிசைல இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? மகன் ஆட்டத்தப் பாக்க அம்புட்டுத் தொலவுலருந்து பஸ் ஏறி வரும்னு நான் கண்டேனா? காதுல விழுந்திருக்கும்னுதான் நினைக்கேன். எனக்குக் கொஞ்சம் பெரிய தொண்ட.

அந்தப் பய திருப்பி ஒரு வார்த்த பேசணும்லா? பேசல. மூஞ்சி செவந்து போச்சு, பேசாம அவன் எடத்துல போயி நின்னான். இப்படி வாயத் தொறக்காம நிக்கிறவன்தான் அண்ணாச்சி ரொம்ப மோசம். திருப்பி ஏசுனான்னா ஏசுனதோட போயிரும். அவன் பேசாம நின்னா நாம ஏசுனது நம்ம மேலயே வழிஞ்சிக்கிட்டு நிக்கும்.

அதுக்குப் பொறவுதான் அது நடந்துச்சு. கிளாட்வின் எனக்கு ஒரு பந்து போட்டான், நெட்ட ஒட்டி. நான் எம்பி அடிச்சேன். தடுக்க பூபாலனும் எம்புனான். பந்து அவன் கையில பட்டு வெளிய போயிட்டு. பாயிண்டு எங்களுக்கு. நான் எறங்குனேன். எறங்குன வேகத்துல ஒரு காலு நெட்டுக்கு அடியில, நடுக்கோட்டுக்கு அங்கிட்டு போயிட்டு. போவத்தான் செய்யும். எம்பி எறங்குறவனுக்கு பிரேக்கா இருக்கு? அந்தரத்துல இருக்கிறவன் கீழ கோடு எங்க கெடக்குன்னு பாத்துக்கிட்டா இருப்பான்? நான் கீழ பாக்கவே இல்ல. பந்தத்தான் பாத்தேன். அந்தப் பய எனக்குப் பொறவு எறங்குனான், எறங்கி நேரா என் காலு மேல விழுந்தான். அவன் கணுக்கால் அப்படியே மடங்கிட்டு. காஞ்ச பனமட்டய மிதிச்சா வருமே ஒரு சத்தம், அந்தச் சத்தம்.

நல்லாக் கவனிங்க. அவன்தான் என் கால மிதிச்சான். நான் அவன் கால மிதிக்கல. அடியில கெடந்தது என் காலு. எனக்கும் பெருவிரலு வீங்கிட்டு. அதப் பத்தி எவனாவது எழுதுனானா?

அவங்கம்மா கம்பியத் தாண்டி கோர்ட்டுக்குள்ள ஓடியாந்துட்டு. செருப்பு ஒரு பக்கம் கெடக்கு. மகன் தலையத் தூக்கி மடில வச்சிக்கிட்டு உக்காந்துட்டு. அழுதாக்கூட பரவால்ல. என்னயவே பாத்துக்கிட்டிருக்கு. ஸ்ட்ரெச்சர் வர நேரமாயிட்டு. நான் அம்பயர்ட்ட போயி, ‘ஆட்டத்த ஆரம்பிங்க சார், உடம்பு ஆறிப் போவுது’ன்னேன். உண்மைதான? உடம்பு ஆறுனா தச புடிச்சிக்கிடும்லா? அதுக்கு கேலரில ஒரே கூப்பாடு. தண்ணி பாட்டில எறிஞ்சானுவ. நான் இப்படிக் கையக் காதுகிட்ட வச்சி, ‘கேக்கலியே, இன்னும் சத்தமா’ன்னு காட்டுனேன். ஒரு தமாசுக்கு. ஆட்டம்னா ஜனத்துக்குக் கொஞ்சம் காரம் வேணும்.

ஜெயிச்சோம். அந்தப் பய இல்லாம சேலத்துக்காரனுவ பொட்டுன்னு விழுந்துட்டானுவ.

ரூமுக்கு வந்து குளிச்சிட்டுத் தல துவட்டிக்கிட்டிருக்கேன், கிளாட்வின் வந்து நிக்கான்.

‘துரை, சட்டையப் போடு. ஆஸ்பத்திரிக்குப் போயி அந்தப் பையனப் பாத்துட்டு வந்துருவோம்.’

‘எதுக்கு?’

‘எதுக்காவா? எலும்பு ரெண்டா போயிட்டாம்ல. ஆபரேசன் சொல்லியிருக்காங்க.’

‘நான் என்ன டாக்டரா?’

‘ஒரு வார்த்த வருத்தமா இருக்குன்னு சொல்லு. அந்த அம்மாட்டயும் சொல்லு. அது போதும்.’

‘அவன் என் கால மிதிச்சிருக்கான். அவன வந்து சொல்லச் சொல்லு.’

கிளாட்வின் என்னய உத்துப் பாத்தான். பாத்துட்டு மெதுவாக் கேக்கான், ‘துரை, நீ தெரிஞ்சா கால வச்ச?’

எப்படிப்பட்ட கேள்வி பாருங்க. கூடப் படுத்து எந்திச்சவன் கேக்கிற கேள்வியா இது? எனக்கு வந்துச்சே கோவம், டிவி ரிமோட்ட எடுத்து எறிஞ்சேன். அவன் தலைக்குப் பக்கத்துல சுவத்துல பட்டுச் செதறிட்டு. அவன் மேல படணும்னு எறிஞ்சிருந்தா பட்டிருக்கும் அண்ணாச்சி. என் குறி தப்பாது. எதயும் நான் நினைச்ச எடத்துலதான் வைப்பேன்.

டீம் மொத்தமும் ஆஸ்பத்திரிக்குப் போச்சு. எங்க கோச்சு வேதமாணிக்கம் சாரும் போனாரு. நான் கீழ எறங்கிப் போயி புரோட்டா தின்னேன். மறுநா ஃபைனலுக்குத் தெம்பு வேணும்லா? போனவனுவ திரும்பி வந்து ஒருத்தனும் எங்கூட பேசல. கிளாட்வின் தலவாணியத் தூக்கிக்கிட்டு வேற ரூமுக்குப் போயிட்டான். போ, நிம்மதியாத் தூங்கலாம்னு கால நீட்டிப் படுத்தேன். கொறட்ட இல்லாம தூக்கம் வரல, அது வேற விசயம்.

ரயிலு வருது. ஊதுதான் பாருங்க. குட்ஸா இருக்கும். சவம், அதுவும் நீளமா வந்து தொலைக்கும்.

ஃபைனல் சென்னைக்காரனுவகூட. கோச்சு என்னய வெளிய உக்கார வைக்கணும்னு நின்னாராம், டீம் ஓனரு விடலியாம். போஸ்டர்ல இருக்கிறவன் கோர்ட்டுல இல்லன்னா ஜனம் கேக்கும்லா? ஆக, நான் உள்ள எறங்கியாச்சு. மொத பந்து வந்துச்சு. நான் ஓடியாந்து எம்பி, கைய ஓங்கி, ‘துரை! துரை!’ன்னு கத்துதேன். எம்பேர நானே சொல்லிக் கத்துவேன், பந்து இங்க போடுன்னு அர்த்தம். கிளாட்வின் பந்த அங்கிட்டுப் போட்டான். பின்னால நின்ன பய அடிச்சான், பாயிண்டு. சரி, ஒரு பந்து. அடுத்த பந்தும் அங்கிட்டு. அதுக்கடுத்தது நடுவுல. நான் எம்பி எம்பி எறங்குதேன், காத்தத்தான் அடிச்சிக்கிட்டிருக்கேன். கல்யாண வீட்டுல எல எலயாப் பரிமாறிக்கிட்டு வந்து, நம்ம எலய மட்டும் தாண்டிப் போனா எப்படி இருக்கும்? ஆயிரம் பேரு பாத்துக்கிட்டிருக்கான். டிவில வேற காட்டுதான்.

கோச்சுட்ட போயி, ‘லிஃப்டர மாத்துங்க சார், அவன் கண்ணு அவிஞ்சி போச்சு’ன்னேன். அந்த மனுசன் ஸ்கோர் போர்டக் காட்டுதாரு. ‘பாயிண்டு வருதுலா துரை’ங்காரு.

டைம் அவுட்ல கிளாட்வின் சட்டையப் புடிச்சேன். ‘எனக்கு ஏம்ல பந்து போடல?’

அவன் கைய எடுத்து விட்டான். சத்தமே போடல. ‘நான் போட்டாத்தான துரை நீ எம்புவ? நீ எம்புனா எறங்கணும். நீ எறங்குற எடத்துல ஒரு அம்மா பெத்த பிள்ள நிக்கும். என் பந்துல இன்னொரு காலு போவ வேண்டாம்.’

கேட்டியளா பேச்ச? என்னமோ நான் அருவாளத் தூக்கிக்கிட்டு நிக்கிற மாதிரி. சுத்தி நின்னவன் ஒருத்தன் வாயத் தொறந்து, ஏம்ப்பா துரைக்கும் ஒண்ணு போடேன்னு சொன்னானா? எல்லாவனும் தண்ணி குடிக்கான். அப்பத்தான் எனக்குப் புரிஞ்சிச்சு. எல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவுல பேசி வச்சிட்டு வந்திருக்கானுவ. கூட்டுச் சதி. டீம் ஆட்டத்துல ஒருத்தன மட்டும் ஒதுக்கி வைக்கிறது எவ்வளவு கேவலம்! விளையாட்டு தர்மம்னு ஒண்ணு இல்லியா?

நானும் சும்மா விடல. சென்னைக்காரன் போட்ட சர்வீஸு நேரா எங்கிட்ட வந்துச்சு, குழந்தகூட எடுக்கும். விட்டேன். என் முன்னால விழட்டும்னு கையக் கட்டிக்கிட்டு நின்னேன். அடுத்ததையும் விட்டேன். எனக்கு இல்லாத பந்து எவனுக்கும் வேண்டாம். அப்ப கோச்சு என்னய வெளிய எடுக்க வந்தாரு, நான் போவல. ஓனரு உக்காந்திருந்த பக்கம் கையக் காட்டுனேன். கோச்சு திரும்பிப் போயி பெஞ்சுல உக்காந்துட்டாரு.

அப்படியும் ஜெயிச்சிட்டானுவ அண்ணாச்சி! அதத்தான் என்னால தாங்க முடியல. தோத்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். ஆனா ஒண்ணு சொல்லுதேன், ஏன் ஜெயிச்சானுவ? சென்னைக்காரனுவ என்னயப் பாத்துப் பயந்து, ஒவ்வொரு பந்துக்கும் ரெண்டு பேரு எனக்கு முன்னால எம்பிக்கிட்டே இருந்தானுவ. அதனால மத்தவனுக்கு முன்னால ஆளே இல்ல, ஈசியா அடிச்சானுவ. அப்ப ஜெயிச்சது யாரால? சும்மா எம்புன என்னாலதான? இத எந்தப் பேப்பர்க்காரனும் எழுதல. வீட்டுல டிவில பாத்துக்கிட்டிருந்த எம்பொண்டாட்டி அன்னைக்கு போன்ல சொல்லுதா, ‘இன்னைக்கு எல்லாரும் ஒத்துமையா நல்லா ஆடுனாங்கல்லா?’ங்கா. போன அணச்சிட்டேன்.

கேட்டத் தொறந்துட்டான். அப்பாடா. போவட்டும், அந்த மூஞ்சி பின்னால போவட்டும்.

கப்பு குடுக்கிற மேடையில கிளாட்வினுக்குத்தான் சிறந்த ஆட்டக்காரன்னு மாலயப் போட்டானுவ. லிஃப்டருக்கு! அவன் எறங்கி நேரா எங்கிட்ட வாரான். ரெண்டு கையையும் விரிச்சிக்கிட்டு, கட்டிப் புடிக்கிறதுக்கு. கண்ணு கலங்கியிருக்கு. ‘துரை, எம்மேல கோவம் வேண்டாம்ல. நாளைக்கு ரெண்டு பேருமாப் போயி அந்தப் பையனப் பாப்போம்’ங்கான். ஜெயிச்ச மேடையில நின்னுக்கிட்டு மறுபடியும் அந்தப் பயலப் பத்தியே பேசுதான். விட்டேன் ஒரு அற. ஒண்ணே ஒண்ணு. பந்து அடிக்கிற கைன்னு யோசிக்கல. சுருண்டு விழுந்துட்டான். மால ஒரு பக்கம், கப்பு ஒரு பக்கம்.

அத எவனோ போன்ல படம் புடிச்சி ஊரெல்லாம் அனுப்பிட்டான். நீங்களும் பாத்திருப்பிய. ஆமா, அதேதான். அதுல இருக்கிறது நான்தான். ஏன் அண்ணாச்சி, இவ்வளவு நேரமும் சேர்மத்துரைன்னா தெரியலன்னிய, அறைஞ்சவன்னா தெரியுது பாருங்க. என் அடி எதுவும் ஞாபகம் இல்ல, அந்த அடி மட்டும் ஞாபகம் இருக்கு எல்லாவனுக்கும்.

காது சவ்வு கிழிஞ்சிட்டாம். இன்னைக்கும் அவனுக்கு இடது காது சரியாக் கேக்காதாம். யாரு கண்டா? லீக்குல விசாரணைன்னு கூப்பிட்டானுவ. மூணு பெரிய மனுசங்க மேசைக்கு அங்கிட்டு உக்காந்திருக்காங்க. கிளாட்வின் காதுல பஞ்ச வச்சிக்கிட்டு வந்து, ‘எனக்கு அவன் மேல புகார் இல்ல சார், ஆட விடுங்க. ஆனா பூபாலன்ட்ட அவன் பேசணும்’னான். நடிப்பு. சுத்த நடிப்பு. அவன் புகார் குடுத்திருந்தா நானும் பதிலுக்குக் குடுத்திருப்பேன். குடுக்காம என்னய ஒண்ணும் செய்ய முடியாம ஆக்கிட்டான். மேசைல இருந்தவரு கேட்டாரு, ‘வருத்தம் தெரிவிக்கீங்களா? தெரிவிச்சா அடுத்த வருசம் ஆடலாம்.’ நான் சொன்னேன், ‘என் கால மிதிச்சதுக்கு அந்த சேலத்துப் பய மொதல்ல தெரிவிக்கட்டும்.’ அவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அதோட முடிஞ்சிச்சு. இனி எந்தக் காலத்துலயும் லீக்குல கிடையாதுன்னுட்டாங்க.

மனுசனுக்கு மானம் பெருசுல்லா? சரி, கேளுங்க. இன்னும் இருக்கு.

இப்ப ஊர் ஊரா டோர்னமெண்டு ஆடுதேன். வெளியூர் டீமுக்குக் கூப்பிடுவானுவ, போவேன். முழங்கால்ல பட்டை போட்டிருக்கேன் பாருங்க, தார்த் தரையில எம்பி எம்பி வந்த வலி. போன மாசம் உடன்குடிப் பக்கம் ஒரு ஊர்ல கோயில் கொடைத் திருவிழா, அதுக்கு டோர்னமெண்டு. போயி எறங்குதேன், நெட்டுத் தூணுக்குப் பக்கத்துல வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு, விசிலத் தொங்கப் போட்டுக்கிட்டு ஒருத்தன் நிக்கான். நெட்ட. ஒரு கால லேசா இழுத்து இழுத்து நடக்கான். பூபாலன்!

அந்தக் காலோட ஆட முடியலியாம். அம்பயருக்குப் படிச்சிட்டானாம். இந்தப் பக்கத்துல ஏதோ பள்ளிக்கூடத்துல வேல கெடச்சி வந்திருக்கானாம். நாட்டுல எவ்வளவு ஊரு இருக்கு அண்ணாச்சி, நான் ஆடுற எடத்துலதான் அவன் வந்து விசில் ஊதணுமா? கமிட்டிக்காரன்ட்ட சொன்னேன், ‘இவன் எனக்கு ஆவாதவன், வேணும்னே எனக்கு எதிராக் குடுப்பான், மாத்துங்க’ன்னு. ‘அவரு ரொம்ப நேர்மையான ஆளுங்க’ன்னுட்டான்.

காலைல செமி. கடைசிக் கட்டம். நான் அடிச்ச பந்து வெளிய போயி விழுந்துட்டு. மேல ஏணில உக்காந்திருந்த அம்பயர் அவுட்டுன்னு கையக் காட்டிட்டாரு. போச்சுன்னு நினைச்சேன். ரெண்டாவது அம்பயரா கீழ நின்ன பூபாலன் விசில் ஊதி, ஒரு கையால இன்னொரு கை விரல உரசிக் காட்டுதான். தடுத்தவன் விரல்ல பட்டுட்டுப் போச்சு, பாயிண்டு எங்களுக்குன்னு அர்த்தம். அந்தத் தடுத்த பயலே ஆமான்னு தலய ஆட்டிட்டான். நாங்க ஃபைனலுக்குப் போயிட்டோம்.

எனக்கு ரத்தம் கொதிச்சிட்டு. யாரு கேட்டா அவன்ட்ட பிச்ச? எனக்கு எதிராக் குடுத்திருந்தா அவன் யாருன்னு ஊருக்குக் காட்டியிருப்பேன். தண்ணி டிரம்முகிட்ட போயி மறிச்சேன். ‘ஏம்ல எனக்குக் குடுத்த?’

‘பந்து விரல்ல பட்டுச்சுண்ணா. அதான் குடுத்தேன்’ங்கான்.

‘என்ன நக்கலா?’

‘இல்லண்ணா.’ என் முழங்காலப் பாத்துட்டு, ‘ரொம்ப வலிக்குதுங்களாண்ணா? ஐஸ் இருக்கு, எடுத்தாரட்டுங்களா?’ங்கான்.

குத்திக் காட்டுதான். காலப் பத்தி எங்கிட்ட பேசுதான் பாருங்க, எவ்வளவு கொழுப்பு! நான் சொன்னேன், ‘நீ என் கால மிதிச்சதாலதான் எனக்கு லீக்கு போச்சு.’ அதுக்கும் அவன் கோவப்படல. சுத்தி ஆளு இருக்கான்னு பாத்துட்டு, எனக்கு மட்டும் கேக்கிற மாதிரிச் சொல்லுதான்:

‘அண்ணா, அன்னைக்கு நான் மேல இருந்தேன். நீங்க எறங்கிட்டீங்க. எறங்கி, குனிஞ்சு கீழ பாத்தீங்க. பாத்துட்டுத்தான் கால முன்னால நகத்துனீங்க. நான் மேல இருந்து பாத்துக்கிட்டேதான் வந்தேன். எங்கயும் விலக முடியல. இத நான் யார்ட்டயும் சொன்னதில்ல. எங்கம்மாட்டகூட.’

சொல்லிட்டு டம்ளரக் கழுவி வச்சிட்டுப் போயிட்டான்.

ஆமா, பாத்தேன்! பாத்தா என்ன? எறங்குறவன் எறங்குற எடத்தப் பாக்காம கண்ண மூடிக்கிட்டா எறங்குவான்? நீங்க பஸ்ஸ விட்டு எறங்கும்போது படியப் பாக்க மாட்டியளா? என்னய ஏன் அப்படிப் பாக்கிய? முன்னால பாக்கலன்னு சொன்னேனா? நான் எப்ப சொன்னேன்? சொல்லியிருந்தா, அது வேற. அது பந்த அடிக்கிற நேரத்தச் சொன்னேன். நீங்க நான் பேசுறதச் சரியாக் கேக்கல.

கதைய முடிக்க விடுங்க.

சாயங்காலம் ஃபைனல். கீழ நிக்கிறது அதே பூபாலன். மொத பந்துல இருந்தே பாத்தேன். எல்லாரும் பந்தப் பாக்கான், அவன் பாக்கல. அவன் கண்ணு கீழயே இருக்கு. நடுக்கோட்டுல. நான் எம்புற நேரமெல்லாம் என் காலு எங்க வந்து விழப் போவுதோ அங்கன இருக்கு அவன் கண்ணு. அந்தரத்துல இருக்கும்போதே எனக்குத் தெரியுது, கீழ ஒருத்தன் கால எதிர்பாத்துக்கிட்டு நிக்கான்னு. எப்படி அடிக்கிறது? அடிச்சதெல்லாம் நெட்டுல போவுது. எறங்கும்போது கால அகட்டிப் பின்னால வைக்கப் போயி ரெண்டு தடவ குப்புற விழுந்தேன். ஜனம் சிரிக்கான்.

கீழ நிக்கிற அம்பயருக்கு நெட்டும் நடுக்கோடும் பாக்கிறதுதான் வேலன்னு நீங்க சொல்லலாம். கமிட்டிக்காரனும் அதத்தான் சொன்னான். சரி, வேலதான். அதுக்காவ அப்படியா பாக்கணும்?

கடைசிப் பந்து. உள்ளூர்ப் பய ஒருத்தன்தான் லிஃப்டர். போட்டான் பாருங்க ஒண்ணு, எனக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி. உசரம் சரி, தள்ளி வந்த தூரம் சரி. தடுக்க எதிர்ல ஒரே ஒருத்தன், அதுவும் குட்ட, சின்ன வயசு. இந்தா அடிச்சா கப்பு நமக்கு. ஓடியாந்தேன். எம்பக் கால ஊணுனேன். அந்தச் சின்னப் பய எனக்கு முன்னால எம்பிட்டான். அவன் காலு ரெண்டும் தரையில இல்ல. நான் கோட்டப் பாத்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் தூணுகிட்ட பூபாலன் நிக்கான். தல குனிஞ்சிருக்கான். கண்ண எடுக்கல.

எம்பல அண்ணாச்சி. நின்னுட்டேன். பந்து மேல போயி, கீழ வந்து, என் மூஞ்சிக்கு முன்னால எறங்கி, பொத்துன்னு தரையில விழுந்துச்சு. அந்தச் சின்னப் பய சும்மா எம்பி, பத்திரமா எறங்கி, என்னயப் பாத்து முழிக்கான்.

கப்பு போச்சுன்னு எல்லாவனும் என்னய ஏசுதான். கமிட்டிக்காரன் ஏசுதான், அந்த லிஃப்டர்ப் பய அழுதுக்கிட்டே ஏசுதான், மைக்குல பேசுறவன்கூட ஏசுதான். இவ்வளவு பேரு இருந்தானுவளே, ஒருத்தனாவது அந்தப் பூபாலனக் கூப்பிட்டு, ‘ஏம்ல, அந்த மனுசன் கால அப்படிப் பாத்துக்கிட்டு நின்ன?’ன்னு ஒரு வார்த்த கேட்டானா? கேக்கல. நீங்க கேப்பியளா?